அப்பாவின் மொறிஸ் மைனரும் வளைந்த இரண்டு சில்லுகளும்

வாசகி கேட்டது

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் ஒன்றும் சில படங்களும் அனுப்பியிருக்கிறார். வங்கியில் வேலை செய்பவர். காலமான அப்பாவின் 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 காரை இப்போது அவர்தான் ஓடுகிறார். போன மாரியில் ஒரு இரவு, சாம்பல்தீவுப் பக்கம் இருந்து வரும்போது, தண்ணீர் நிறைந்து கிடந்த கிடங்கு ஒன்றில் இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் அடுத்தடுத்து விழுந்திருக்கின்றன. காற்று இறங்கவில்லை என்பதால் வீடு வரை ஓடி வந்துவிட்டார். அன்றில் இருந்து 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது.

டயர் கடையில் முதலில் பலன்ஸ் பண்ணினார்கள். நடுக்கம் குறையவில்லை. பிறகு முன்சில்லைக் கழற்றிப் பெரிய சுத்தியலால் விளிம்பை அடித்து நிமிர்த்தினார்கள், அதற்கும் காசு வாங்கினார்கள். நடுக்கம் முன்பைவிடக் கூடிவிட்டது. வழக்கமாகக் காரைப் பார்க்கும் மெக்கானிக், காஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி அடித்தால் ரிம் நிமிரும், டயரைக் கழற்றவும் தேவையில்லை என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணன், “ஜப்பான் காரின் அலொய் சில்லு நாலை வாங்கிப் போடு, இதுவும் நாலு ஓட்டை, அதுவும் நாலு ஓட்டைதானே” என்கிறார். அம்மாவோ, அப்பா ஒரு நாளும் மாற்றாத சில்லை மாற்றக் கூடாது என்கிறார்.

ரிம்மைக் காய்ச்சி நிமிர்த்தலாமா, அலொய் போட்டால் பிரச்சினை தீருமா, அடித்துக் கெடுத்த கடையிடம் காசைத் திருப்பிக் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். மோட்டார் வாகனப் பொறியியலாளர் ஒருவரின் பதில் இது.

அன்புள்ள சகோதரிக்கு,

“அவசரம் இல்லை, வேலைக்குப் போய்வர மட்டும்தான் ஓடுகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். முன் இடப்பக்கச் சில்லைக் கழற்றும்வரை அந்தக் காரை வீதிக்கு எடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நட்டு ஓட்டை ஒன்றின் ஓரத்தில் இருந்து பெயின்ட் வெடித்து, நூல் போல ஒரு கோடு நடுப்பக்கம் ஓடுகிறது. வெறும் பெயின்ட் வெடிப்பாகவும் இருக்கலாம், அடியில் உருக்கே வெடித்திருக்கவும் கூடும். கிடங்கில் விழுந்து, பிறகு சுத்தியல் அடியும் வாங்கிய ஒரு சில்லில், அதுவும் முன்சில்லில், ‘இருக்கலாம்’ என்று நம்பி உள்துறைமுக வீதிவரைகூடப் போகக் கூடாது.

காற்று இறங்காததால் சில்லுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் சில்லில் டயருக்குள் டியூப் இருக்கிறது. டியூப் இல்லாத டயராக இருந்தால் விளிம்பு வளைந்த இடத்தால் காற்றுக் கசிந்து உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். டியூப் அதை மறைத்துவிடுகிறது. ரிம்மின் உட்பக்கத்தில் கூரான மடிப்பு ஏதும் விழுந்திருந்தால், டியூப் அந்த இடத்தில் நாளுக்கு நாள் உரசித் தேய்ந்து, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் ஒரேயடியாகக் காற்றுப் போகும். புகைச் சோதனையில் கார் பாஸாகியதையும் எழுதியிருக்கிறீர்கள். அது எஞ்சின் கக்கும் புகையை அளக்கிற சோதனை. சில்லு எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

பலன்ஸ் பண்ணியும் ஏன் குறையவில்லை? பலன்ஸ் செய்வது பாரத்தைச் சமப்படுத்துகிற வேலை. உங்கள் சில்லில் இருப்பதோ உருவப் பிழை. வட்டம் கெட்ட சில்லுக்கும் ஈயக்கட்டி அடித்து மெஷினில் பூச்சியம் காட்ட வைக்கலாம். ஆனால் வீதியில் அது ஒவ்வொரு சுற்றிலும் காரை ஒரு தரம் தூக்கிப் போடும், அல்லது பக்கவாட்டில் தள்ளும். மைனரின் சில்லு 60 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு ஏறக்குறைய 9 தரம் சுற்றுகிறது. செக்கனுக்கு 9 அடி என்றால் ஸ்டியரிங் நடுங்காமல் என்ன செய்யும்?

முதலில் அளவு

இதுவரை உங்கள் சில்லைப் பார்த்த எல்லோரும் ஏதோ ஒன்று செய்திருக்கிறார்கள் அல்லது செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். எவ்வளவு வளைந்திருக்கிறது, எந்த இடத்தில் என்று தெரியாமல் நிமிர்த்தவும் முடியாது, கழிக்கவும் முடியாது.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மட்டமான சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, மற்ற அந்தத்துச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கிய பிறகு அடியில் இரும்பு ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துகிற பழக்கம் நம்மூரில் இருக்கிறது. பாரத்தில் கல் திடீரென்று வெடிக்கும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்சில்லைச் சுற்றும்போது கியரை நியூட்ரலில் போட்டு, ஹாண்ட் பிரேக்கையும் விட வேண்டியிருக்கும். அதனால்தான் முன்சில்லுக்கான கட்டைகளில் கவனம் வேண்டும் என்கிறேன்.

ஒரு பாரமான மரக்கட்டையில் ஆணி ஒன்றை இறுக்கி, அதன் நுனி ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தரையில் வைத்துச் சில்லை மெதுவாகச் சுற்றுங்கள். ஆணிக்கும் ரிம்முக்கும் இடையிலான இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டு ஆட்டத்தை ஒரு தரமும், மேல் கீழ் ஏற்ற இறக்கத்தை இன்னொரு தரமும் பார்க்க வேண்டும். உருக்கு ரிம்மில் ஒன்றரை மில்லிமீற்றர் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. ஒரு தீக்குச்சியின் தடிப்பு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். இடைவெளி அந்த அளவுக்கு மாறினாலே ரிம்மில் வேலை இருக்கிறது.

டயரைக் கழற்றிவிட்டு அளப்பதுதான் சரியான முறை. வெளியில் தெரிகிற விளிம்பு அழகாக இருந்து பிரயோசனம் இல்லை. டயரின் அடிப்பக்கம் போய் உட்காருகிற இடம் ஒன்று, விளிம்புக்குச் சற்று உள்ளே, ரிம்மின் இரண்டு பக்கமும் இருக்கிறது. அந்த இடம் வட்டமாக இருந்தால்தான் டயர் வட்டமாகச் சுற்றும். உங்கள் டயர் கடைக்காரர் வெளி விளிம்பைக் கண்ணுக்கு நேராக வரும்வரை அடித்திருக்கிறார். அந்த அடியில் உட்காரும் இடம் உள்ளே தள்ளுப்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நடுக்கம் கூடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. டிக்கிக்கு அடியில் படுக்கையாக வைத்திருக்கும் ஸ்பெயார் சில்லை எடுத்து அதே ஹப்பில், அதாவது சில்லைப் பூட்டுகிற அச்சுமுனையில், பூட்டிச் சுற்றிப் பாருங்கள். அது நேராகச் சுற்றினால் பிழை பழைய சில்லில். அதுவும் ஆடினால் பிழை ஹப்பிலோ அச்சிலோ பேரிங்கிலோ இருக்கிறது. அப்போது ரிம்மை எவ்வளவு நிமிர்த்தியும் நடுக்கம் போகாது. முன்பக்கத்தில் சில்லைத் தாங்கித் திருப்புகிற மூட்டாக டிரனியன் என்று ஒரு பாகம் இருப்பது உங்கள் மெக்கானிக்குத் தெரிந்திருக்கும். அது தேய்ந்து கழன்றால் முன்சில்லு அப்படியே காருக்கு அடியில் மடிந்துவிடும். மைனரின் பெயர்போன பலவீனம் அது. கிடங்கில் விழுந்த காரில் அதையும், ஸ்டியரிங் மூட்டுகளையும், ஷொக் அப்சோபரையும் பார்க்காமல் விடக் கூடாது. கிறீஸ் கடைசியாக எப்போது அடித்தது என்றும் கேளுங்கள்.

எது நிமிரும், எது நிமிராது

உருக்குச் சில்லு இரண்டு துண்டுகள் சேர்ந்தது. டயர் உட்காரும் வெளி வளையம் ஒன்று. ஹப்பில் நட்டுப் போட்டு இறுக்குகிற நடுத்தட்டு மற்றது. வெளி வளையத்தில் விழுந்த சிறிய வளைவைப் பெரும்பாலும் நிமிர்த்தலாம். நடுத்தட்டு வளைந்திருந்தால், நட்டு ஓட்டை நீளமாகியிருந்தால், இரண்டையும் சேர்க்கும் வெல்டிங் விட்டிருந்தால், எங்காவது வெடிப்பு இருந்தால், அந்தச் சில்லு முடிந்தது. அதில் வெல்டிங் அடித்து ஓடச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

நடுத்தட்டைப் பார்க்க, ஹப்பில் படுகிற பக்கத்தைத் துப்புரவாக்கித் தடித்த கண்ணாடி ஒன்றின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தை அழுத்த மறுபக்கம் எழும்பினால் தட்டு நேரில்லை. வெடிப்பைப் பார்க்கப் பழைய கராஜ்களில் ஒரு வழி இருந்தது, இன்றும் அது நல்ல வழி. சந்தேகப்படும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைத் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கோடாக வரும். நெருப்புப் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. இந்தச் சோதனைக்குப் பிடிபடாத நுண்ணிய வெடிப்புகளும் உண்டு. ஆகவே கோடு வந்தால் கழிப்பது நிச்சயம், வராவிட்டால் மட்டும் சில்லு நல்லது என்று முடிவாகாது.

உங்கள் பின்சில்லு எனக்கு நம்பிக்கை தருகிறது. படத்தில் வெளி விளிம்பு மூன்று விரல் அகலத்துக்கு மடிந்திருக்கிறது, நடுத்தட்டுப் பக்கம் பெயின்ட் முழுசாக இருக்கிறது. அளவும் சோதனையும் சரியாக வந்தால் இதைக் காய்ச்சாமல், அழுத்தத்தால் மட்டும் நிமிர்த்தலாம். டயர், டியூப் இரண்டையும் கழற்றி, சில்லை அதன் நட்டு ஓட்டைகளாலேயே ஒரு தடித்த தட்டில் இறுக்கி, வளைந்த இடத்துக்குப் பொருந்தும்படி வெட்டிய கட்டையை வைத்து ஹைட்ரோலிக் ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். அழுத்தத்தை விட்டவுடன் உருக்கு சற்றுத் திரும்பி வரும். அதனால் தேவையான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி, விட்டு, அளந்து, மறுபடி தள்ளுவார்கள். வேலையில் பாதி நேரம் அளப்பதில்தான் போகும். அளக்காமல் வேகமாக முடிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். ஒரே இடத்தை முன்னும் பின்னும் பல தரம் வளைத்தால் உருக்கு இறுகி அந்த இடத்திலேயே வெடிக்கும். ஆகவே முன்பு ஒரு தரம் நிமிர்த்திய இடமே திரும்ப வளைந்திருந்தால் கழிப்பதுதான் நல்லது.

இதற்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். கொழும்பில் ரிம் நிமிர்த்தும் மெஷின் வைத்திருக்கும் கடைகள் உண்டு, உண்மைதான். ஆனால் உங்களுடையது மீன்பிடி ஊர். படகுகளின் புரொப்பெல்லர் தண்டை நிமிர்த்துகிற லேத் வேலைக்காரர் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் டயல் கேஜ் வைத்துத்தான் வேலை செய்வார். தண்டு நேரில்லாவிட்டால் படகு கடலில் உதறும் என்பது அவருக்குத் தெரியும், ஒன்றரை மில்லிமீற்றர் என்றால் என்ன என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. அப்படி ஒருவரைத் தேடிப் போய், காய்ச்சாமல் செய்வாரா, செய்வதற்கு முன்னும் பின்னும் அளவை எழுதித் தருவாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் பின்சில்லை அவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

நெருப்பு வேண்டாம்

உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மண்வெட்டியையும் படலைக் கம்பியையும் காய்ச்சித்தானே நிமிர்த்துகிறோம். ஆனால் ரிம், உருக்குத் தகட்டைக் குளிர்ந்த நிலையில் அழுத்தி உருட்டிச் செய்தது. அப்படி அழுத்தும்போது உருக்குக்கு ஒரு கூடுதல் பலம் வருகிறது. சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பலம் அந்த இடத்தில் மட்டும் போய்விடும். அப்புறம் ரிம் பார்வைக்கு நேராக இருக்கும், பெயின்ட்டும் அடித்துவிடுவார்கள், அடுத்த கிடங்கில் மென்மையாகிப்போன அந்த இடமே முதலில் மடியும். அது மட்டுமல்ல, ஒரு பக்கம் காய்ச்சி ஆறும்போது உருக்கு சுருங்கி மற்றப் பக்கத்தை இழுக்கும். ஒரு வளைவை எடுக்கப் போய் வட்டமே கெடுவது இப்படித்தான்.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதிகள், லொறி போன்ற பெரிய வாகனங்களின் வளைந்த, வெடித்த ரிம் பாகங்களைக் காய்ச்சியோ வெல்டிங் செய்தோ திருத்துவதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. அந்த விதி உங்கள் காருக்கு எழுதப்பட்டதல்ல. அதன் பின்னால் உள்ள காரணம் உங்கள் காருக்கும் பொருந்தும்.

டயரைக் கழற்றாமல் காய்ச்சுவது பற்றி: இதை நீங்கள் அந்த மெக்கானிக்கிடம் நேரில் சொல்ல வேண்டும், உங்கள் காருக்காக மட்டுமல்ல, அவருடைய உயிருக்காகவும். டயர் பூட்டிய ரிம்மில் காஸ் நெருப்பையோ வெல்டிங்கையோ வைத்தால் உள்ளே றப்பர் வெந்து எரிவாயு உண்டாகும். அது தீப்பிடித்தால் டயர் குண்டாக வெடிக்கும். உலகில் பல இடங்களில் டயர் வேலை செய்பவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். வால்வைக் கழற்றிக் காற்றை விட்டுவிட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணமும் பிழை. காற்று இல்லாத டயரிலும் இது நடக்கும்.

அண்ணன் சொல்லும் அலொய்

அண்ணனின் அக்கறை விளங்குகிறது. ஆனால் ‘நாலு ஓட்டைக்கு நாலு ஓட்டை’ என்பதில்தான் பெரிய பொறி இருக்கிறது. மைனரின் நாலு ஓட்டைகளும் 4 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன, அதாவது 101.6 மில்லிமீற்றர். சிறிய ஜப்பான் கார்கள் பலவற்றில் அந்த வட்டம் 100 மில்லிமீற்றர். வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர்தான், ஆகவே கையால் தள்ளினால் சில்லு ஏறிவிடும், நட்டும் இறுகிவிடும். கடைக்காரரும் ‘பொருந்துது’ என்பார். உண்மையில், நட்டு ஏறி இறுகுகிற ஒவ்வொரு ஸ்டட்டும் 0.8 மில்லிமீற்றர் இழுபட்டு வளைந்து நிற்கிறது. கூம்பு வடிவ நட்டு அதன் இருக்கையில் ஒரு பக்கம் மட்டும் படுகிறது. ஓட ஓட நட்டுத் தளரும், அல்லது ஸ்டட் முறியும். மைனரின் ஸ்டட் 3/8 அங்குலம்தான், அதிகம் தாங்கக்கூடிய தடிப்பல்ல.

அகலமும் வேறு, சில்லு ஹப்பில் இருந்து உள்ளே வெளியே நிற்கும் தூரமும் வேறு. டயர் மட்காட்டிலோ உள்ளே வேறெதிலோ உரசலாம், பேரிங்கில் விழும் பாரமும் மாறும். விபத்து ஒன்று நடந்தால் பொருந்தாத சில்லு பூட்டியிருந்ததைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் கேள்வி எழுப்பவும் இடமுண்டு. சரியான 101.6 அளவில் செய்த அலொய் உலகில் இருக்கிறது, அது வேறு கதை. அண்ணன் காசு அனுப்ப விரும்பினால், மைனருக்கான நல்ல உருக்குச் சில்லு ஒன்றை இங்கிலாந்தில் மைனர் உதிரிப்பாகம் விற்பவர்களிடம் வாங்கித் தரச் சொல்லுங்கள். பத்து இலட்சத்துக்கும் மேல் விற்ற கார் அது, பாகம் இன்னும் கிடைக்கிறது.

அதற்கு முன் இங்கேயே தேடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகக் கடைகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தையும் மறக்காதீர்கள். போர்க் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலும் மொறிஸையும் ஒஸ்ரினையும் ஓடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு பாகத்தையும் லேசில் எறிந்திருக்க மாட்டார்கள். வாங்கும் சில்லு 14 அங்குலமா என்று பாருங்கள். மினியின் சில்லிலும் ஓட்டை வட்டம் அதே 4 அங்குலம்தான், ஆனால் அதன் ரிம் சிறியது. கண்ணாடிச் சோதனையையும் சோக்குச் சோதனையையும் வாங்குவதற்கு முன்பே செய்யுங்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது

அப்பா சில்லை மாற்றவில்லை, ஏனென்றால் அப்பாவின் காலத்தில் அது வளையவில்லை. சில்லு, டயர், பிரேக் எல்லாம் தேவைப்படும்போது மாற்றுவதற்கென்றே செய்த பாகங்கள். அதே காலத்து, அதே வகை மைனர் சில்லு ஒன்றைப் பூட்டினால் காரின் அசல் தன்மை குறையாது, பெறுமதியும் குறையாது. முன்சில்லு வெடித்திருந்தால், அதை வீட்டில் ஞாபகமாக வைத்திருக்க விரும்பினால் வைத்திருங்கள். ஆனால் ஸ்பெயாராகக்கூட டிக்கியில் போடாதீர்கள். என்றோ ஒரு நாள் மழையில், அவசரத்தில், யாரோ அதை எடுத்துப் பூட்டுவார்கள்.

கணக்குப் பார்த்தால் நீங்கள் வாங்க வேண்டியது ஒரே ஒரு சில்லுதான். ஸ்பெயார் சில்லு நல்லதென்றால் அது முன்பக்கம் வரட்டும். புதிதாகத் தேடியது பின்னால் போகட்டும். நிமிர்த்திய பின்சில்லு ஸ்பெயாராக இருக்கட்டும். நிமிர்த்தியதை முன்பக்கம் போடாமல் விடுவது என் விருப்பம், அளவு எவ்வளவு சரியாக வந்தாலும். ஸ்பெயாரை மட்டும் முதலில் நன்றாகப் பாருங்கள். டிக்கிக்கு அடியில் ஈரம் தேங்கும், உங்கள் வீடோ கடற்காற்று அடிக்கும் இடத்தில். வெளி வளையமும் நடுத்தட்டும் சேரும் இடுக்கில் துரு உள்ளே தின்றிருக்கும், மேலே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்.

கடையிடம் கேட்கலாமா?

கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, காசுக்குச் சேவை செய்பவர் அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும், ஆகவே பில்லில் உள்ள திகதியைப் பாருங்கள். எங்கே கொடுப்பது என்று மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். சிறிய தொகைப் பிணக்குக்கு மத்தியஸ்த சபையும் இருக்கிறது.

ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். சில்லு கடைக்குப் போகும்போதே வளைந்திருந்தது. வெடிப்பு இருந்தாலும் அது கிடங்கால் வந்ததா சுத்தியலால் வந்ததா என்று பிரித்து நிரூபிப்பது கடினம். அதனால் புதுச் சில்லின் விலையைக் கேட்டு நிற்பதைவிட, அடித்து நிமிர்த்தியதற்கும் பலன்ஸுக்கும் கொடுத்த கூலியைத் திருப்பிக் கேட்பது நியாயமாகவும் இருக்கும், நடக்கவும் கூடும். முதலில் நேரில் போய், அளவைக் காட்டி, அமைதியாகக் கதையுங்கள். அதுவரை அந்தச் சில்லில் வேறு யாரையும் கை வைக்க விடாதீர்கள், படங்களைத் திகதியோடு வைத்திருங்கள். தேர்ட் பார்ட்டி காப்புறுதியில் இதற்குக் கோர முடியாது. அது உங்கள் காரால் மற்றவருக்கு வரும் நட்டத்துக்கானது.

நீங்கள் கேட்காத ஒன்று

படத்தில் முன்னுக்கு இரண்டும் புதிய றேடியல் டயர், பின்னுக்கு இரண்டும் பழைய காலத்து வகையான கிராஸ்பிளை டயர். இது ஆபத்தான சேர்க்கை. வளைவில் முன்பக்கம் இறுகப் பிடிக்க, பின்பக்கம் வழுக்கும். நாலும் ஒரே வகையாக இருக்க வேண்டும். மாற்றும்வரை றேடியல் இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள். றேடியல் என்றாலும் இந்தப் பழைய ரிம்மில் டியூப் போட்டுத்தான் ஓட வேண்டும். டியூப் இல்லாத டயர் நழுவாமல் பிடிக்கிற சிறு மேடு இந்த ரிம்மில் இல்லை.

சில்லுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் எண்ணத்தையும் எழுதியிருந்தீர்கள். மணல் அடித்துத் துருவை எடுப்பது நல்லது, மறைந்த வெடிப்பும் அப்போது வெளியே வரும். அசிட்டில் ஊறப்போடுவது வேண்டாம். இடுக்கில் தங்கிய அசிட் பிறகு உள்ளிருந்து அரிக்கும். பவுடர் கோட்டிங் செய்தால் நட்டு உட்காரும் கூம்புப் பள்ளத்தையும் ஹப்பில் படுகிற முகத்தையும் மூடிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். அங்கே தடித்த பூச்சு இருந்தால் ஓட ஓட அது நசுங்கி நட்டுத் தளரும்.

எல்லாம் முடிந்து பூட்டும்போது, டயர் கடையின் காற்றுத் துப்பாக்கியால் நட்டை இறுக்க விடாதீர்கள், 3/8 அங்குல ஸ்டட் அதற்குத் தாங்காது. கையால், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி, காரின் கைநூலில் உள்ள அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால் இறுக்கட்டும். பிறகு நிலாவெளிவரை ஒரு தரம் மெதுவாகப் போய் வந்து, சில்லு ஆறியபின் நாலு நட்டையும் திரும்பப் பாருங்கள். ஒரு கிழமை ஓடியபின் இன்னொரு தரம் பாருங்கள். அப்போதும் ஏதாவது நட்டுத் தளர்ந்திருந்தால், மேலும் இறுக்காமல் சில்லைக் கழற்றி அந்த ஓட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.